தகரப் பெட்டிக்குள் ஒரு தனிக்குடித்தனம்!

பாகம் பிரிக்காத ஒண்ணரை ஏக்கர் கரிசல் காடு, ஒரு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்ட கரன்ட் கம்பம், மூணு ஃபைனல் இயர் பிள்ளைகள்... ப்ளஸ் ரெண்டு கன்டெய்னர். என்ன ஆச்சு?

சென்னையில் திருவொற்றியூர், மணலி பக்கம் பஸ்ஸில் போயிருக்கீங்களா பாஸ்? ஜன்னலுக்கு வெளியே சிவப்பு, நீலம், பச்சைன்னு தீப்பெட்டி அடுக்கின மாதிரி கன்டெய்னர்கள் நிற்கும். நம்மில் முக்கால்வாசிப் பேர் அதைப் பார்த்து, 'ட்ராஃபிக்குக்குக் காரணமே இதுதாண்டா'ன்னு திட்டிட்டுப் போயிடுவோம். எங்க ரூம்மேட் சிவில் மச்சான் மட்டும் திட்டலை. "மாப்ள, இதுல ஒண்ணைத் தூக்கிட்டுப் போயி உங்க ஊர்க் காட்டுல வெச்சா, வீடு ரெடி" என்றான்.

மெஸ்ஸில் ரெண்டாவது தோசைக்கு வெயிட்டிங்கில் இருந்த நேரம். இந்த மாதிரி ஐடியாக்கள் பொதுவாக தோசை வந்ததும் செத்துப் போகும். இது சாகலை. காரணம், எங்க வீட்டில் அப்போ ஓடிக்கொண்டிருந்த பஞ்சாயத்து.

விளாத்திகுளம் பக்கம் எங்க தாத்தாவுக்கு ஒண்ணரை ஏக்கர் மானாவாரி நிலம். கரிசல் மண். தாத்தா போய்ச் சேர்ந்தும் பட்டா இன்னும் அவர் பேரில்தான். பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூணு பேரும் பாகம் பிரிக்கலை. "யாரும் அங்க குடியிருக்கப் போறதில்ல. வித்துத் தொலைப்போம்" என்பது பெரியப்பா கட்சி. "நான் கண்ண மூடுன பொறவு என்னவும் செய்யுங்க"ன்னு ஆச்சி. அப்பா வழக்கம்போல மௌன விரதம். யாராவது ஒருத்தர் அங்கே வாசம் பண்ணினால்தான் நிலம் தப்பும் என்று எனக்குப் பட்டது. எனக்கு அந்தக் காட்டில் ஒரு வேப்பமரம் ரொம்ப முக்கியம். ஏன்னு கேட்காதீங்க... அது வேற கட்டுரை.

ஆனா வீடு கட்டவும் முடியாது. பெரியப்பா தெளிவாகச் சொல்லிட்டார். "ஏலே, நீ கான்கிரீட் போட்டேன்னா நாளைக்கு 'இது எங்க பங்கு'ன்னு ஆயிரும். அந்தச் சோலியே வேண்டாம்."

இப்போ புரியுதா, தோசை வந்தும் ஐடியா ஏன் சாகலைன்னு? கன்டெய்னர் வீடு தூக்கிட்டுப் போகக்கூடிய வீடு! நாளைக்கே பாகம் பிரித்தால் கிரேன் வெச்சு நகர்த்திடலாம். சிவில் மச்சான், நான், கணக்குப் போட ட்ரிபிள்-ஈ தோழி ஒருத்தி... கம்பெனி ஆரம்பம்!

பெட்டியின் பயோடேட்டா

1956 ஏப்ரல் 26. அமெரிக்காவில் லாரி கம்பெனி நடத்தி வந்த மால்கம் மெக்லீன், 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். மூட்டை மூட்டையாகச் சுமந்து ஏற்றிய காலத்துக்கு அன்றைக்கு முதல் மணி அடிச்சது. இந்தப் பெட்டியை வீடாக்கும் முறைக்கு ஃபிலிப் கிளார்க் என்பவர் 1987-ல் விண்ணப்பித்து 1989-ல் பேட்டன்ட்டே வாங்கிட்டார். நாம ஒண்ணும் புதுசா கண்டுபிடிக்கலை!

நம்ம வயசுக்காரங்க கதை ஆம்ஸ்டர்டாமில் இருக்கு. ஹாஸ்டல் ரூம் கிடைக்காமல் ஸ்டூடன்ட்ஸ் அல்லாடின நேரம், 2005, 2006-ல் 'கீட்வோனன்' என்ற பெயரில் 1,000 கன்டெய்னர் அறைகளை அடுக்கி ஊரையே உருவாக்கிட்டாங்க. இதுக்குன்னே சீனாவில் செய்து கப்பலில் வந்த பெட்டிகள். ஒவ்வொருத்தருக்கும் சொந்தமா பாத்ரூம், கிச்சன், பால்கனி. அஞ்சு வருஷத்துக்குன்னு வெச்சது, அதைத் தாண்டியும் நின்றது. ஒரு ரூமில் நாலு பேர், பாத்ரூமுக்கு பக்கெட் க்யூ என்று வாழும் நாம் பெருமூச்சு விடலாம்.

ஆனா அது ஆம்ஸ்டர்டாம். இது விளாத்திகுளம்.

அடுப்பு!

செகண்ட் இயர் லீவில் ஒரு ரோடு வேலை நடந்த சைட்டில் எனக்கு ட்ரெய்னிங். சைட் ஆபீஸே ஒரு கன்டெய்னர். மே மாசம், மத்தியானம் ரெண்டு மணி. ஃபேன் ஓடுது... ஆனா அது அடிக்கிறது காத்து இல்லை, அனல்! சுவரில் கை வெச்சா இட்லிச் சட்டி. மேஜையில் வெச்சிருந்த மெழுகு க்ரேயான் வளைஞ்சு படுத்திடுச்சு. எல்லோரும் வெளியே புளியமர நிழலில் உட்கார்ந்துதான் ட்ராயிங் பார்த்தோம்.

விஷயம் சிம்பிள். இரும்புத் தகடு வெயிலை அப்படியே உள்ளே கடத்தும். கண்ணாடி நூல் பஞ்சோட ஒப்பிட்டால் ஸ்டீல் ஆயிரம் மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்துகிற சரக்கு. அதனால் சுவருக்கு உள்பக்கம் பஞ்சோ, ஃபோமோ, ஏதாவது ஒரு தடுப்பு வெச்சே ஆகணும். வெச்சா இன்னொரு வம்பு. கன்டெய்னரின் வெளி அகலம் 2.44 மீட்டர், உள் அகலம் 2.35. ரெண்டு பக்கமும் தடுப்பும் பலகையும் வெச்சால் 2.2-க்கு வந்து நிற்கும். கட்டில் போட்டு, பக்கத்தில் ஒருத்தர் நடந்தால் இன்னொருத்தர் சுவரோடு ஒட்டிக்கணும்.

உயரம் அதைவிட காமெடி. சாதாரண கன்டெய்னரின் உள் உயரம் 2.39 மீட்டர். மேலேயும் தடுப்பு கொடுத்து, சீலிங் ஃபேனும் மாட்டினால், காலையில் எழுந்து சோம்பல் முறிக்கிறவன் விரலை எண்ணிப் பார்த்துக்கணும்! அதனால்தான் விவரம் தெரிஞ்சவங்க 'ஹை க்யூப்' தேடுறாங்க. அது ஒரு அடி உயரம் ஜாஸ்தி, உள்ளே 2.69 மீட்டர்.

இங்கேதான் எங்களுக்கு கோஸ்டா ரிகா கை கொடுத்தது. சான் ஹோசே நகரத்திலிருந்து 20 நிமிஷ தூரத்தில் ஒரு தம்பதி. குதிரை வளர்க்கிற ஆசையில் ஊருக்கு வெளியே நிலம் வாங்கிட்டாங்க, கையில் காசு கம்மி. ஆர்க்கிடெக்ட் பெஞ்சமின் கார்சியா சாக்ஸே 2011-ல் அவங்களுக்குக் கட்டிய வீட்டுக்குப் பேரு 'கன்டெய்னர்ஸ் ஆஃப் ஹோப்'. ரெண்டு 40 அடிப் பெட்டிகள். ரெண்டையும் ஒட்டி வைக்காமல் நடுவில் இடைவெளி விட்டார். அந்த இடைவெளிக்கு மேலே உயர்த்தி ஒரு கூரை. கூரைக்குத் தகரம் எங்கேயிருந்து? ஜன்னலுக்காகப் பெட்டியில் வெட்டி எடுத்த அதே தகரம்! சூடான காத்து மேலே ஏறி வெளியே போயிடும், ஏ.சி. தேவைப்படலை. சுமார் 1,000 சதுர அடி வீடு, மொத்தச் செலவு 40,000 டாலர். அன்றைய கணக்கில் சுமார் 18 லட்சம் ரூபாய்.

எனக்கு இதில் பிடிச்சது செலவு இல்லை. வெட்டின தகரத்தை எடைக்குப் போடாமல் கூரை ஆக்கின அந்தப் புத்தி!

எங்க ப்ளானும் அதே ஜாடைதான். ரெண்டு 20 அடிப் பெட்டி, நடுவில் மூணு மீட்டர் திண்ணை, எல்லாத்துக்கும் மேலே ஒரு பெரிய கூரை. பெட்டியின் தலையில் வெயிலே படக்கூடாது. கூரைக்கும் பெட்டிக்கும் நடுவில் காத்து ஓடணும்.

"தம்பி, வெல்டிங் வெச்சா போச்சு!"

ஒரு சனிக்கிழமை பழைய கன்டெய்னர் யார்டுக்குப் போனோம். புரோக்கர் அண்ணன் பளபளன்னு நீல பெயின்ட் அடிச்ச பெட்டியைக் காட்டினார். "போன மாசம்தான் கப்பல்லேர்ந்து எறங்குச்சு தம்பி." கதவில் ஒரு சின்ன உலோகத் தகடு இருக்கும். அதில் பெட்டி பிறந்த தேதி, எவ்வளவு எடை தாங்கும், தரைப் பலகைக்கு என்ன மருந்து அடிச்சிருக்காங்க, எல்லாம் இருக்கும். இந்தப் பெட்டியில் தகட்டைக் காணோம். ரிவெட் ஓட்டைதான் இருந்தது.

சிவில் மச்சான் உள்ளே போய், "கதவைச் சாத்துறா" என்றான். இது ஒரு பழைய டெஸ்ட். உள்ளே கும்மிருட்டு. எங்கேயாவது துருப்பிடிச்சு ஓட்டை இருந்தால் வெளிச்சம் புள்ளியாகத் தெரியும். அரை நிமிஷத்தில் உள்ளேயிருந்து சத்தம்: "மாப்ள, சப்தரிஷி மண்டலமே தெரியுதுடா!"

புரோக்கர் அசரலை. "தம்பி, வெல்டிங் வெச்சா போச்சு!"

அதைவிட எனக்குப் பகீர்னு ஆன விஷயம், கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாது. சாமான் ஏத்துகிற பெட்டிக்கு எதுக்கு உள்தாழ்ப்பாள்? ஆள் குடியிருக்கணும்னா முதல் வேலையே பக்கவாட்டில் நிஜ வாசல் வெட்டுவதுதான். தரையும் கவனிக்கணும். 28 மில்லிமீட்டர் ப்ளைவுட், பூச்சி அரிக்காமல் இருக்க மருந்து ஏத்தினது. அதன் மேல் வெறும் பாய் விரிச்சுப் படுக்கிறது புத்திசாலித்தனம் இல்லை. பெயர்த்து எடு, அல்லது மேலே மூடி சீல் வை.

வெட்டுறதிலும் ஒரு சூட்சுமம். கப்பலில் இந்தப் பெட்டிகள் ஒண்ணு மேல ஒண்ணா எட்டு ஒன்பது வரைக்கும் நிற்குதே, அந்த பாரமெல்லாம் நாலு மூலைத் தூண் வழியாகத்தான் இறங்குது. அந்தத் தூண்களை நேராகப் பிடிச்சு வைக்கிறது மடிப்பு மடிப்பான பக்கச் சுவர். கூரைத் தகடு ரெண்டு மில்லிமீட்டர் வாக்கில்தான். அதன் மேல் மண்ணைக் கொட்டித் தோட்டம் போடுற ஐடியா இருந்தால் இப்பவே மறந்துடுங்க. பெரிய ஜன்னல் வெட்டினால் சுத்தி இரும்புச் சட்டம் வெச்சு வெல்டு பண்ணலைன்னா பெட்டி தொப்பை போடும்.

ட்ரிபிள்-ஈ தோழியின் பட்ஜெட்

கரன்ட் இல்லாத காடு. ஸோ, சோலார். "மொதல்ல உங்க ஆசையை எல்லாம் சொல்லுங்கடா"ன்னு பேப்பரும் கையுமா உட்கார்ந்தாள்.

நாலு எல்.இ.டி. பல்பு, ஒவ்வொண்ணும் 9 வாட், அஞ்சு மணி நேரம்: 180. ரெண்டு ஃபேன். சாதா ஃபேன் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. ஃபேன்னா 30. அது 12 மணி நேரம் ஓடினால் 720. லேப்டாப் 60 வாட், நாலு மணி நேரம்: 240. செல்போன் வகையறா 60. கூட்டினால் 1,200 வாட்-மணி, அதாவது ஒரு நாளைக்கு 1.2 யூனிட்.

நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சுமார் நாலு யூனிட் தரும். 500 வாட் போட்டால் ரெண்டு யூனிட். இழப்பெல்லாம் போக நமக்குப் போதும். சிக்கல் கார்த்திகை மாசம். மூணு நாள் மூடாக்கு போட்டால் பேனல் தூங்கிடும். 12 வோல்ட், 150 ஏ.ஹெச். பேட்டரியில் 1.8 யூனிட் அடங்கும். ஆனா லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி பண்ணினால் அதுக்கு ஆயுசு குறையும். அதனால் நிஜமாகக் கிடைப்பது 0.9. ரெண்டு பேட்டரி வெச்சால் ஒண்ணரை நாள் ஓட்டலாம்.

"ஒரு குட்டி ஏ.சி.?" என்றேன், அடுப்பு ஞாபகத்தில்.

"ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினா மட்டும் ஆறு, ஏழு யூனிட். உன் மத்த ஆசை எல்லாத்தையும் சேர்த்தா வர்றதைப்போல அஞ்சு மடங்கு. கூரையை ஒழுங்காப் போடுங்கடா, அதான் ஏ.சி." வாயை மூடிக்கிட்டேன். இண்டக்‌ஷன் அடுப்பும் கட். சிலிண்டர்தான்.

இன்னொண்ணும் சொன்னாள். அதை நான் தடிமனான எழுத்தில் எழுதி வெச்சிருக்கேன். நாம குடியிருக்கப் போறது இரும்புப் பெட்டி. எங்கேயோ ஒரு வயர் உரசி தோல் உரிஞ்சால் வீடு முழுக்க கரன்ட். எர்த்திங்கும் ஆர்.சி.சி.பி.யும் இல்லாமல் ஒரு பல்புகூட மாட்டக் கூடாது.

மழைக் கணக்கு

போர் போட்டால் உப்புத் தண்ணி. ஊரில் எல்லோருக்கும் தெரியும். அப்போ வானம்தான் கதி. தூத்துக்குடி மாவட்டத்தில் வருஷத்துக்குச் சுமார் 650 மி.மீ. மழை. எங்க பெரிய கூரை 7 மீட்டருக்கு 9 மீட்டர், அதாவது 63 சதுர மீட்டர். பெருக்கினால் கிட்டத்தட்ட 41,000 லிட்டர். சிந்தினது சிதறினது போக 32,000 வெச்சுக்கலாம். கேட்க ஜாலியா இருக்கு. ஆனா இதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துடும். தையிலிருந்து புரட்டாசி வரைக்கும் ஒன்பது மாசம், நாளைக்கு 60 லிட்டர் செலவு பண்ணினால் 16,000 லிட்டர் சேர்த்து வெச்சிருக்கணும். ஹாஸ்டலில் ஷவரைத் திறந்துவிட்டுப் பாட்டுப் பாடுற கோஷ்டிக்கு இந்த வீடு ஒத்து வராது.

கழிப்பறை? கரிசலில் தண்ணி உறிஞ்சுறது ரொம்ப மெதுவு. சாதாரண குழி மழைக் காலத்தில் ததும்பும். திருச்சி மாவட்டம் முசிறியில் 2000-களிலேயே 'ஈகோசான்' கழிப்பறைகள் கட்டினாங்க. நீரும் மலமும் தனித்தனியாகப் பிரிஞ்சு, மலம் சாம்பலோடு சேர்ந்து தரைக்கு மேலேயே மக்கி உரமாகும். எங்க சாய்ஸ் அதுதான். "அதை யாரு அள்ளுவா?" என்ற கேள்விக்கு மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம்.

இதெல்லாம் நடக்கிற கதையான்னு சந்தேகம் வர்றப்போ நான் 'பாரதி'யை நினைச்சுப்பேன். மகாகவி இல்லை பாஸ்... அன்டார்டிகாவில் லார்ஸ்மன் குன்றுகளில் 2012-ல் திறக்கப்பட்ட நம்ம இந்தியாவின் ஆராய்ச்சி நிலையம். 134 கன்டெய்னர்களால் கட்டினது! அங்கே ஏது கரன்ட் கம்பம், ஏது குடிதண்ணி லாரி? கரன்ட்டும் கதகதப்பும் சொந்த ஜெனரேட்டரில், தண்ணி கடலிலிருந்து. ஆனா ஒண்ணு கவனிங்க. அங்கேயும் பெட்டியை அம்போன்னு விடலை. தூண் மேல் தூக்கி நிறுத்தி, சுத்தி முழுசா ஒரு அலுமினியச் சட்டை போட்டுட்டாங்க. அங்கே குளிருக்கு, இங்கே வெயிலுக்கு. வெறும் பெட்டி எங்கேயும் வீடாகலை.

மண்ணும் மனுஷனும்

எங்களை நிஜமாகவே உட்கார வெச்சது மண். கரிசல் மழைக்கு உப்பும், கோடையில் விரல் நுழையுற அளவுக்கு வெடிக்கும். பெட்டிக்கு நாலு மூலையில் ஆதாரம் கொடுத்தால் போதும்தான். ஆனா ஒரு மூலை மட்டும் எழும்பினால் பெட்டி முறுக்கிக்கும், வெட்டின கதவு சாத்தாது. இதுக்கு ரூர்க்கி சி.பி.ஆர்.ஐ. வளர்த்தெடுத்த 'அண்டர்ரீம்டு பைல்' இருக்கு. ஈரம் ஏறி இறங்குகிற மண்ணைத் தாண்டி, சுமார் 12 அடி ஆழத்துக்குத் துளை போட்டு, அடியில் குடம் மாதிரி அகலமாக்கி கான்கிரீட் நிரப்பணும். மேல் மண் என்ன ஆட்டம் போட்டாலும் அடியில் இருக்கிற குடம் பிடிச்சுக்கும்.

அடுத்து, ட்ரெய்லர். காட்டுக்குப் போறது மாட்டு வண்டிப் பாதை. மழை பெஞ்சால் மாட்டு வண்டியே அச்சு வரைக்கும் புதையும். பங்குனி, சித்திரையில்தான் பெட்டி வர முடியும். அப்பவும் 40 அடி ட்ரெய்லர் ஓடைத் திருப்பத்தில் திரும்பாது. அதனால்தான் 20 அடி. கிரேன் வரப் போக வாடகை, ட்ரெய்லர் வாடகை, தடுப்பு, கூரை, பேட்டரி எல்லாம் போட்டுப் பார்த்தால் பெட்டியின் விலை சின்னப் பங்குதான். செங்கல்லும் கொத்தனாரும் ஊரிலேயே கிடைக்கிற இடத்தில் கன்டெய்னர் வீடு சீப் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. 'தூக்கிட்டுப் போயிடலாம்' என்பதும் பாதி உண்மைதான். ஒவ்வொரு தூக்கலுக்கும் ஒரு செமஸ்டர் ஃபீஸ் போகும்.

கடைசி இடி, பஞ்சாயத்து ஆபீஸ். 'நகர்த்துற பெட்டிதானே, பெர்மிஷன் எதுக்கு?'ன்னு மிதப்பில் இருந்தோம். "ஆள் குடியிருக்கப் போறீங்கள்ல? பட்டா யாரு பேர்ல இருக்கு? வாரிசு எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொண்டாங்க." எந்தக் கையெழுத்துக்குப் பயந்து கன்டெய்னருக்கு ஓடினோமோ, அங்கேயே கொண்டுவந்து நிறுத்திட்டாங்க!

பெரியப்பாவிடம் பேப்பரோடு போனேன். திட்டுவார்னு எதிர்பார்த்தேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு பேட்டரிக் கணக்கு, மழைக் கணக்கு எல்லாத்தையும் ஒரு மணி நேரம் பார்த்தார். மழைக் கணக்கில் மட்டும் பென்சிலால் ஒரு கோடு போட்டு, "கிழக்க சாய்ச்சுப் போடு கூரைய. ஐப்பசி மழை அங்கிட்டுருந்துதான் அடிக்கும், மேக்க இருந்து எடுத்தா உள்ள சாரல் வராது" என்றார். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார்.

"இந்த மண்ணுல உங்க தாத்தா மோட்டார் ரூமு கட்டி மூணே வருசத்துல ரெண்டாப் பொளந்துச்சு, தெரியுமா உனக்கு? மொதல்ல தூணை மட்டும் போடு. ஒரு ஐப்பசி, கார்த்திக பாப்போம். அசையலைன்னா நான் கையெழுத்துப் போடுதேன். சித்தப்பாட்டயும் வாங்கித் தாரேன்."

"அசைஞ்சா?"

"அசைஞ்சா விக்கத்தான்."

ஆச்சி உள்ளேயிருந்து, "எலே, அந்த வேப்ப மரத்த மட்டும் வெட்டிராதீக" என்றாள்.

வைகாசியில் எட்டுத் தூண் இறக்கினோம். கை ஆகரில் துளை போட்டது சிவில் மச்சானும், கூலிக்கு வந்த ரெண்டு அண்ணன்களும், கொஞ்சமாக நானும். ஒவ்வொரு தூணின் தலையிலும் பெயின்ட்டில் நம்பர். வேப்பமரத்தில் ஒரு ஆணி அடிச்சு அடையாளம் வெச்சு, ட்யூப் லெவலில் பார்த்து, நோட்டில் குறிக்கிறோம். மச்சான், மரமும் அதே மண்ணில்தான் நிற்குதுன்னு சந்தேகப்பட்டு, பக்கத்துக் காட்டுப் பழைய கிணத்தோட கல் கட்டிலும் ஒரு அடையாளம் வெச்சிருக்கான்.

ஐப்பசி பிறந்து நல்ல மழை. போன ஞாயித்துக்கிழமை போனோம். முழங்கால் வரைக்கும் சேறு. ஏழு தூண் அப்படியே இருக்கு. மூணாம் நம்பர் மட்டும் நாலு மில்லிமீட்டர் எழும்பியிருக்கு. ட்யூபில் காத்துக் குமிழி இருந்திருக்கும்னு தட்டித் தட்டி மூணு தடவை பார்த்தோம். நாலுதான்.

இன்னும் ஒரு மாச மழை பாக்கி. பெரியப்பாவுக்கு இன்னும் போன் பண்ணலை.